கேட்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாத இசை

ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே வோல்பெரத் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டை ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்க் ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார். 1970-களின் கடைசியில் ஒரு நாள், அலுமினியக் குழாயில் செய்த நாற்காலிகளை அந்த ஸ்டூடியோ முழுக்க இழுத்துப் போட்டார்கள். யாரும் உட்காருவதற்கு அல்ல. டேப் ரெக்கார்டரிலிருந்து புறப்பட்ட நாடா ஒரு நாற்காலியைச் சுற்றி, அடுத்ததைச் சுற்றி, அறையை வலம் வந்து திரும்பவும் ரெக்கார்டருக்குள்ளேயே நுழைந்தது. நாடாவின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் அதற்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. அதில் பதிந்திருந்தது ஒரே ஒரு ஸ்வரம், மனிதக் குரலில் நீட்டிப் பிடித்த ஒரு 'ஆ'. மீதி நாடா வெறும் மௌனம்.

கேசட்டுக்குள் சிக்கிக்கொண்ட நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி எடுத்த தலைமுறைக்கு இந்தக் காட்சியே வயிற்றைக் கலக்கும். ஆனால் அம்பியன்ட் என்று இன்று உலகம் சொல்லும் இசை வகைக்குப் பெயர் சூட்டிய ஆல்பத்தின் ஒரு பகுதி அப்படித்தான் உருவானது. ஆல்பத்தின் பெயர் 'அம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. விமான நிலையங்களுக்கான இசை. செய்தவர் பிரையன் ஈனோ.

நம் வீட்டில் ஈனோ என்றால் வயிற்று மந்தத்துக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி. இவர் வேறு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1948-ல் ஒரு தபால்காரரின் மகனாகப் பிறந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்தவர். முறையாக எந்த வாத்தியமும் கற்காதவர். 'நான் இசைக்கலைஞன் அல்ல' என்று சொல்லிக்கொண்டே ராக்ஸி மியூசிக் குழுவில் சேர்ந்து, முகத்தில் சாயமும் தோளில் இறகுமாக சின்தசைசர் திருகிப் பெயர் வாங்கி, 1973-ல் வெளியே வந்தவர்.

இவர் இசையைக் கேட்டதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் கம்ப்யூட்டர் கிளாஸ் போன காலத்தில், விண்டோஸ் 95 கண் விழிக்கும்போது வருமே ஓர் ஒலி, அது ஈனோ செய்தது. மூன்றேகால் விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காக அவர் 84 துணுக்குகள் செய்தார். செய்தது ஆப்பிள் கம்ப்யூட்டரில் என்பது தனி வேடிக்கை.

விமான நிலைய இசையின் கதை ஒரு படுக்கையிலிருந்து தொடங்குகிறது. 1975 ஜனவரியில் லண்டனில் ஒரு டாக்ஸி ஈனோவை இடித்துத் தள்ளியது. அசைய முடியாமல் வீட்டில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஜூடி நைலன், 18-ஆம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். அவர் போன பிறகு ஈனோ தட்டுத் தடுமாறி எழுந்து தட்டைப் போட்டுவிட்டுப் படுத்தார். படுத்த பிறகுதான் தெரிந்தது, ஆம்ப்ளிஃபயரில் சத்தம் மிகக் குறைவாக இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று வேலையும் செய்யவில்லை. மறுபடி எழுந்திருக்கத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு மேலாக ஹார்ப்பின் உரத்த நரம்புகள் மட்டும் அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டன. இசை தனியாக நிற்காமல் அறையின் வெளிச்சம் போல, மழை போல, சூழலில் ஒரு பங்காகிவிட்டது. இப்படியும் இசையைக் கேட்கலாம் என்று தனக்குப் புரிந்தது அப்போதுதான் என்று அந்த ஆண்டு வெளிவந்த 'டிஸ்க்ரீட் மியூசிக்' தட்டின் உறையில் ஈனோவே எழுதினார்.

நல்ல கதை. ஆப்பிள் விழுந்து நியூட்டனுக்குப் புத்தி வந்த கதைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் ஜூடி நைலன் பின்னாளில் சொன்னது வேறு மாதிரி. கொட்டும் மழையில், வெறுங்கையோடு போகக் கூடாதே என்று லெஸ்டர் சதுக்கத்துப் பக்கம் கையில் இருந்த கடைசிக் காசுக்கு அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு போனவர் அவர். போனதும் தட்டைப் போட்டு, மழைக்கும் ஹார்ப்புக்கும் பொருந்துகிற மாதிரி இருவரும் சேர்ந்துதான் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து வைத்தார்களாம். தற்செயல் என்று எதுவும் இல்லையாம். சிறு வயதில் அமெரிக்காவில் அப்படி இசை கேட்டுத் தூங்கிப் பழகியவர் அவர். இரண்டில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஆல்பங்கள் பிறந்த கதைகளில், பக்கத்தில் நின்ற பெண் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவதும், ஞானம் தனியாகப் படுத்திருந்த ஆணுக்கு வருவதும் அடிக்கடி நடக்கிறது. அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அடுத்த காட்சி கொலோன்-பான் விமான நிலையம். பிளாங்கின் ஸ்டூடியோவில் வேலை இருந்ததால் ஈனோ அந்த வழியாக அடிக்கடி போய்வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில், கூட்டம் இல்லை, அழகான கட்டடம். 1970-ல் திறந்த அந்த முனையத்தை வடிவமைத்தவர் பால் ஷ்னைடர்-எஸ்லெபன். அவர் மகன் ஃப்ளோரியான்தான் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னிசைக் குழுவை உருவாக்கிய இருவரில் ஒருவர். அந்தக் குழுவின் 'ஆட்டோபான்' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் இதே கோனி பிளாங்க். அப்பா கட்டிய கட்டடம், மகனை ஒலிப்பதிவு செய்தவரின் ஸ்டூடியோ, இரண்டுக்கும் நடுவில் ஈனோ. இப்படி ஒரு முடிச்சு சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம்.

எல்லாம் நன்றாக இருந்த அந்தக் காலையில் ஒன்று மட்டும் சரியில்லை. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு. இத்தனை பேர், இத்தனை பணம் செலவழித்து, ஒவ்வொரு தூணையும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இங்கே என்ன ஒலிக்க வேண்டும் என்று மட்டும் யாருமே யோசிக்கவில்லையே என்று ஈனோவுக்குத் தோன்றியது. உட்கார்ந்த இடத்திலேயே யோசிக்க ஆரம்பித்தார். விமான நிலையத்து இசையை எந்த இடத்திலும் வெட்ட முடிய வேண்டும், ஏனென்றால் நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு வரும். பயணிகள் பேசிக்கொள்ளும் குரலோடு அது மோதக் கூடாது. அதற்கு மேலேயோ கீழேயோதான் ஒலிக்க வேண்டும். அவர்கள் பேசும் வேகத்துக்கும் அது போட்டி போடக் கூடாது. சுற்றியிருக்கும் இரைச்சலை விரட்டாமல் இடம் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் பொறியாளர் போடும் கணக்கு. கடைசி நிபந்தனைதான் ஈனோவுடையது. இங்கே வருகிறவன் கொஞ்ச நேரத்தில் தரையை விட்டு மேலே போகப்போகிறான். சாவு பக்கத்தில் வந்து நிற்கிறது என்பது அவனுக்கும் தெரியும். துள்ளலான பாட்டைப் போட்டு அதை மறைப்பது பொய். பயணியை அதற்கும் சேர்த்துத் தயார் செய்கிற இசை வேண்டும் என்றார். கேட்பதற்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம். விமான நிலைய வாசலில் பேரனைக் குனியச் சொல்லி நெற்றியில் விபூதி பூசிவிடும் பாட்டிக்கு இது ஒன்றும் புதிய செய்தி அல்ல.

இப்போது நாற்காலிகளுக்கு வருவோம். ஆல்பத்தில் நான்கு பகுதிகள். பெயர்கூட வைக்கவில்லை, எண்தான்: 1/1, 2/1, 1/2, 2/2. முதல் எண் வரிசையைக் குறிக்கும், இரண்டாவது தட்டின் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும். கடை ரசீது போல இருக்கிறது.

அந்த நாடாச் சுற்றுகளால் ஆனது 2/1. மூன்று பெண்களும் ஈனோவும் பாடிய ஒற்றை ஸ்வரங்கள். பெண்களின் பெயர் உறையில் இருக்கிறது: கிறிஸ்டா ஃபாஸ்ட், கிறிஸ்டின் கோமெஸ், இங்கே ஸைனிங்கர். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு தனிச் சுற்று. ஒவ்வொரு சுற்றும் வெவ்வேறு நீளம். 1996-ல் சான் பிரான்சிஸ்கோவில் பேசும்போது ஈனோ நினைவிலிருந்து மூன்று கணக்கைச் சொன்னார். ஒன்று 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும். இன்னொன்று சுமார் 25⅞ விநாடிக்கு. மூன்றாவது 30-க்கு ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு குறைவாக. ஸ்டூடியோக்களில் வழக்கமான விநாடிக்கு 15 அங்குல வேகம் என்று வைத்துக்கொண்டால், மிகச் சிறிய சுற்றுக்கே கிட்டத்தட்ட 9 மீட்டர் நாடா வேண்டும். நாற்காலிகள் ஏன் தேவைப்பட்டன என்பது அப்போது புரியும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இந்த வித்தையை எளிதாக விளக்கலாம். எட்டு அட்சர ஆதி தாளத்துக்குள் மிருதங்கக்காரர் ஐந்து ஐந்தாக வாசித்துக்கொண்டே போகிறார். தாளம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் விலகி விலகி ஓடுகின்றன. நாம் தொடையில் தட்டிக்கொண்டே காத்திருக்கிறோம். நாற்பதாவது அட்சரம் முடிந்ததும் இரண்டும் ஒன்றாக வந்து விழுகின்றன. சபையில் ஓர் 'ஆகா'. ஈனோ செய்தது என்னவென்றால், அந்த 'ஆகா' வராமலே பார்த்துக்கொண்டது. சுற்றுகளின் நீளங்கள் ஒன்றுக்கொன்று வகுபடாதவை. எந்த ஸ்வரம் எதோடு சேரும், எங்கே மௌனம் விழும் என்பதை யாரும் எழுதவில்லை. நாடாக்கள் தாமாக முடிவு செய்கின்றன.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈனோ சொன்ன மூன்று எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டால், மூன்று சுற்றும் ஒன்றாகப் புறப்பட்டு மறுபடி ஒன்றாக வந்து சேர 23 லட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம் விநாடி ஆகும். ஏறக்குறைய 27 நாள். சந்திரன் அஸ்வினியில் கிளம்பி, ரேவதி முடித்து, மறுபடி அஸ்வினிக்கு வர எடுத்துக்கொள்ளும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். ஈனோ அந்த எண்களைக் குத்துமதிப்பாகத்தான் சொன்னார், ஆகவே இதில் சோதிடம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த 27-ஐப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன். ஆல்பத்தில் நாம் கேட்பது இந்த நீண்ட ஓட்டத்திலிருந்து ஒன்பது நிமிடம்கூட வராத ஒரு கீற்று.

முதல் பகுதியான 1/1 வேறு வழியில் வந்தது. நான்கு இசைக்கலைஞர்களை ஸ்டூடியோவில் உட்காரவைத்து ஈனோ ஏதோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு நாடாவைப் போட்டுக் கேட்டபோது ஒரு சிறு இடத்தில் இரண்டு பியானோக்கள் ஒன்றையொன்று அறியாமலே கோத்துக்கொண்டு போவது காதில் பட்டது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றாக்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். நாடாவின் வேகம் பாதியானால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சுத்தியல் கம்பியில் விழும் அந்த 'டக்' மழுங்கும். கார்வை இரண்டு மடங்கு நீளும். பியானோ பியானோவாகவே இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கடியில் போய்விட்டது போல. பதினாறு நிமிடத்துக்கு மேல் அதுவே ஓடுகிறது.

அந்தப் பியானோக்களில் ஒன்றை வாசித்தவர் ராபர்ட் வயட். சாஃப்ட் மெஷின் குழுவின் டிரம்மராக இருந்தவர். 1973 ஜூனில் ஒரு விருந்தின்போது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. டிரம்ஸ் வாசிக்கக் கால் வேண்டும். அது முடியாமல் கீபோர்டுக்கும் பாட்டுக்கும் நகர்ந்தவர். ஈனோவாவது சில வாரம் படுத்து எழுந்தார். இதை வைத்து உருக்கமாக ஒரு பத்தி எழுதலாம்தான். வயட்டே அப்படியெல்லாம் அழுது வடிந்தவர் அல்ல, விட்டுவிடுகிறேன்.

மின்னிசை ஆல்பம் என்று சொல்கிறோமே, இதில் சின்தசைசர் மட்டுமே ஒலிப்பது கடைசிப் பகுதியான 2/2-ல்தான். ஏஆர்பி 2600 என்ற கருவி. மற்றபடி பெரும்பாலும் பியானோவும் தொண்டையும்தான். இங்கே உண்மையான மின்வாத்தியம் டேப் ரெக்கார்டர். தட்டின் பின்னட்டையில் நான்கு பகுதிகளுக்கும் ஸ்வரக் குறிப்புக்குப் பதில் படம் போட்டிருந்தார் ஈனோ. புள்ளி, கோடு, வளைவு. கோலம் தெரிந்த வீட்டில் அதைப் படிப்பது சிரமமே அல்ல.

1978 செப்டம்பர் என்று தேதியிட்டு உறைக்குள் ஒரு குறிப்பும் எழுதினார். ஆல்பத்தை விட அந்தக் குறிப்பே அதிகம் பேரால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கும். பின்னணி இசை என்றாலே அன்று அமெரிக்காவில் மியூஸாக். ஜார்ஜ் ஓவன் ஸ்குவயர் என்ற ராணுவ அதிகாரி, மியூசிக்கையும் கோடாக்கையும் சேர்த்துச் சூட்டிய பெயர் அது. தொழிற்சாலைக்கும் லிஃப்டுக்கும் கம்பி வழியே இசை அனுப்பும் கம்பெனி. தொழிலாளி சோர்ந்துபோகாமலிருக்க, கால் மணி நேரத் துண்டுகளாக, மெல்ல மெல்ல வேகம் ஏறுகிற மாதிரி அடுக்கி அனுப்புவார்கள். ஈனோவின் குறிப்பு அதற்கு நேர் எதிரே போய் நின்றது. இடத்தின் இயல்பை மூடி மறைக்காமல் எடுத்துக்காட்டும் இசை, முடுக்கிவிடாமல் அமைதி தரும் இசை, யோசிக்க இடம் விடும் இசை. கவனித்துக் கேட்டால் ஈடு கொடுக்க வேண்டும், கேட்காமல் விட்டாலும் தாங்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

வரவேற்பு? பங்க் இசை ஆணியடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் 1979-ல் மைக்கேல் புளூம் எழுதிய விமர்சனத்தின் குறை இது: இதில் கைத்திறன் நிறைய இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கவனித்துக் கேட்க வேண்டியிருக்கிறது, கவனித்தாலோ இசையின் நோக்கமே கெட்டுப்போகிறது. குறை சொல்வது போலச் சரியான இடத்தில் விரல் வைத்துவிட்டார் மனிதர்.

இதே சிக்கல் பாரிஸில் 1920-ல் இசையமைப்பாளர் எரிக் சாத்திக்கு வந்தது. நாடக இடைவேளையில் வாசிக்க, மேசை நாற்காலி போலச் சும்மா இருக்கிற 'தட்டுமுட்டு இசை' ஒன்றை எழுதி, வாத்தியக்காரர்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினார். வாசிப்பு தொடங்கியதும் எழுந்து போனவர்களெல்லாம் திரும்பி வந்து பவ்யமாக உட்கார்ந்துவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தி கத்திக்கொண்டே ஓடினாராம். கலைஞன் பெயர் தெரிந்துவிட்டால் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஈனோவுக்கும் அதுதான் நடந்தது.

விமான நிலையங்கள் இந்த இசையை வரிசையில் நின்று வாங்கவில்லை. 1980-ல் நியூயார்க் லகார்டியா நிலையத்தின் மரைன் ஏர் டெர்மினலில் கொஞ்ச காலம் ஒலித்தது. கடல் விமானங்களுக்காக 1940-ல் திறந்த வட்ட வடிவக் கட்டடம் அது. 2010-ல் ஷெஃபீல்டைச் சேர்ந்த தி பிளாக் டாக் குழு 'மியூசிக் ஃபார் ரியல் ஏர்போர்ட்ஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டது. நிஜ விமான நிலையங்களில் பதிந்த ஒலிகளை வைத்துச் செய்தது. நிஜத்தில் அங்கே இருப்பது சாந்தம் அல்ல, வரிசை, சோதனை, தாமதம், எரிச்சல் என்று ஈனோவுக்குப் பதில் சொல்லும் ஆல்பம். நள்ளிரவு விமானத்துக்கு ஆள் அழைக்கப் போய், கண்ணாடிக்கு வெளியே மூன்று மணி நேரம் கொசுக்கடியில் நின்றவன் என்ற முறையில் என் ஓட்டு பிளாக் டாக் பக்கம்.

ஆனால் ஈனோவின் தட்டு அதற்குள் வேறு இடங்களுக்குக் குடிபோயிருந்தது. 1998-ல் நியூயார்க்கின் பேங் ஆன் எ கேன் குழு, நாடா தற்செயலாகச் செய்ததையெல்லாம் ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, செல்லோவும் கிளாரினெட்டும் கையில் எடுத்து மேடையில் உட்கார்ந்து வாசித்தது. மனிதன் கை வைக்காமல் விளைந்ததை மனிதர்கள் பாடம் பண்ணி வாசித்தார்கள். சபையோர் இருமக்கூட யோசித்து உட்கார்ந்திருந்தார்கள். 2013-ல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் மான்டெஃபியோர் மருத்துவமனை, நோயாளிகளும் வீட்டாரும் உட்கார ஓர் அமைதி அறைக்கு ஈனோவின் இசையையும் ஒளியையும் கேட்டு வாங்கி வைத்தது. பயந்துபோய்க் காத்திருக்கிறவர்களுக்கான இடம்தானே விமான நிலையமும். 2016-ல் பிட்ச்ஃபோர்க் இதழ் எல்லாக் காலத்துக்குமான 50 அம்பியன்ட் ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான்.

தூங்குவதற்கு, படிப்பதற்கு, வேலை செய்வதற்கு என்று இன்று செல்போனில் மணிக்கணக்காக ஓடும் பட்டியல்களில் பெரும்பாலானவை அம்பியன்ட் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு மியூஸாக் செய்த வேலையைச் செய்கின்றன. ஆளை எழுப்பாமல் வேலை வாங்குவது. அதற்கு ஈனோவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இசையில் அந்த 25⅞ விநாடிக் குரல் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு கணம் கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது. பட்டியல் இசையில் எனக்கு அது நடப்பதில்லை.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார வேண்டாம். ஐப்பசி மழை பிடிக்கிற நாளாகப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். 1/1-ஐப் போட்டு, மழைச் சத்தத்துக்குச் சற்றுக் கீழே வருகிற வரை சத்தத்தைக் குறைத்துவிட்டு, அடுப்படியில் உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்தால் ரிப்பேருக்குக் கொடுக்க அவசரம் இல்லை.